பொருளியலா, வணிகவியலா? நத்தத்து மாணவர் முன் நிற்கும் கேள்வி

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் கடைவீதிக் கணினி மையங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். அரசு கலைக் கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தில் எந்தப் பாடத்தை முதலில் போடுவது என்று காமர்ஸ் குரூப் பிள்ளைகள் அங்கேதான் முடிவெடுக்கிறார்கள். பள்ளியில் பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் மூன்றையும் இரண்டாண்டு ஒன்றாகப் படித்தவர்கள் இவர்கள். கல்லூரியில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். பெரும்பாலோர் பி.காமை முதலில் போடுகிறார்கள். பி.ஏ. பொருளியல் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வருகிறது. "எக்கனாமிக்ஸ் படிச்சா என்ன வேலைப்பா கிடைக்கும்?" என்று ஓர் அப்பா கேட்டால், பக்கத்தில் நிற்பவர் யாருக்கும் உறுதியான பதில் தெரிவதில்லை.

பொருளியலா நிதியியலா என்று உலகம் முழுவதும் மாணவர்கள் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் நிதியியல் தனிப் பட்டமாக இருக்கும் கல்லூரிகள் குறைவு. அது பி.காமுக்குள்ளும் பி.பி.ஏ.வுக்குள்ளும் கணக்கியல், வரி, தணிக்கை, நிதி மேலாண்மை என்ற தாள்களாக இருக்கிறது. ஆகவே நம்மூரில் இந்தக் கேள்வி 'பி.ஏ. பொருளியலா, பி.காமா' என்ற வடிவத்தில்தான் வருகிறது. இந்த இரண்டு பாடங்களும் உண்மையில் என்ன, எங்கே பிரிகின்றன, எங்கே கூடுகின்றன, எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை முழுதாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு மாந்தோப்பை இருவர் பார்த்தால்

கரந்தமலையும் சிறுமலையும் அழகர்மலையும் சூழ்ந்த நத்தம் வட்டாரத்துக்கு மா, புளி, தென்னை, ஆயத்தச் சட்டைத் தையல் ஆகியவைதான் பிழைப்பு. இதில் மாந்தோப்பை எடுத்துக்கொண்டாலே இரண்டு பாடங்களின் வேறுபாடும் விளங்கிவிடும்.

பூ எடுக்கும் முன்பே தோப்பைக் குத்தகைக்குப் பேசி, உரிமையாளருக்கு முன்பணம் கொடுக்கும் வியாபாரியைக் கற்பனை செய்துகொள்வோம். மார்கழியில் 1 லட்சம் ரூபாய் கொடுக்கிறார். அந்தப் பணம் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு வாங்கியது. ஆனியில் காய் விற்று முடியும்போது வட்டி மட்டும் 12,000 ஆகியிருக்கும். மருந்து, காவல், பறிப்புக் கூலி, லாரி வாடகை, மண்டிக் கமிஷன் எல்லாம் போக 1,12,000 ரூபாய் மிஞ்சினால்தான் அவர் கைக்காசு இழக்காமல் வெளியே வருவார். நல்ல காய்ப்பு வந்தால் 1,80,000 மிஞ்சும், காய்ப்பு பொய்த்தால் 60,000 மிஞ்சும், இரண்டுக்கும் சமவாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 1,20,000. வட்டி போக 8,000 லாபம் என்று காகிதம் சொல்லும். ஆனால் காய்ப்பு பொய்க்கிற ஆண்டில் அவருக்கு 52,000 ரூபாய் நட்டம். இரண்டாண்டு தொடர்ந்து பொய்த்தால் மூன்றாவது ஆண்டு தொழிலில் அவர் இருக்கமாட்டார். இந்தப் பேரத்தில் இறங்கலாமா, எவ்வளவு முன்பணம் தாங்கும், ஒரே தோப்பில் போடாமல் மூன்று தோப்பில் பிரித்துப் போட்டால் ஆபத்து எவ்வளவு குறையும் என்று கணக்கிடுவது நிதியியலின் வேலை. காலம், வட்டி, ஆபத்து ஆகிய மூன்றும் அதன் அடிப்படை. அந்த வரவு செலவைப் பிறர் நம்பும்படி எழுதிவைப்பது கணக்கியலின் வேலை.

அதே தோப்பின் முன் நிற்கும் பொருளியல் மாணவரின் கேள்விகள் வேறு. காய்ப்பு நன்றாக இருக்கும் ஆண்டில் விவசாயி ஏன் அழுகிறார்? விலை பாதியாகக் குறைந்தாலும் ஒரு குடும்பம் இரண்டு மடங்கு மாம்பழம் வாங்கிவிடாது. பழத்தைச் சேமித்தும் வைக்க முடியாது. விற்பவர் ஆயிரம் பேர் இருக்க, மொத்தமாக வாங்கும் மண்டிகளும் கூழ் ஆலைகளும் சிலவே. ஆகவே விளைச்சல் சற்றுக் கூடினாலும் விலை பெருமளவு சரிகிறது. குத்தகை வியாபாரி வங்கிக்குப் போகாமல் மாதம் 2 ரூபாய் வட்டிக்கு ஏன் வாங்குகிறார்? தோப்பு அவர் பெயரில் இல்லை, அவர் நாணயத்தை வங்கி அறியாது, உள்ளூர்க்காரர் அறிவார். ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் எழுதி, 2001-ல் நோபல் பரிசு பெறக் காரணமாக இருந்த கட்டுரை இந்தத் தகவல் இடைவெளியைப் பற்றியது. இந்தியக் கிராமத்து வட்டிக்கடன் அதில் ஓர் எடுத்துக்காட்டாகவே வருகிறது.

2025 கோடையில் மாம்பழ விலை சரிந்தபோது, கர்நாடக விவசாயிகளுக்கு 2.5 லட்சம் டன் வரை விலைக் குறைவை ஈடுகட்ட மத்திய அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் ஒப்புதல் தந்தது. செலவை மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதியாக ஏற்பது ஏற்பாடு. அத்தகைய உதவி எந்தப் பயிருக்கு, எந்த மாநிலத்துக்கு, எந்த விலையில் தர வேண்டும் என்பது பொருளியல் விவாதம். பணம் எந்தத் தலைப்பில் ஒதுக்கப்பட்டு, விவசாயியின் கணக்குக்கு எப்படி வந்து சேர்கிறது, தணிக்கையில் எப்படி நிற்கிறது என்பது நிதியின் பாடு. ஒன்று இல்லாமல் மற்றது நடவாது.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு வீடு, ஒரு கடை, ஒரு நிறுவனம் தன் பணத்தை எப்படி ஆள வேண்டும் என்று நிதியியல் கேட்கிறது. அந்த வீடும் கடையும் நிறுவனமும் அரசும் சேர்ந்து இயங்கும்போது விலையும் கூலியும் வேலையும் வறுமையும் ஏன் இப்படி அமைகின்றன என்று பொருளியல் கேட்கிறது. ஒரு பிள்ளைக்கு எந்தக் கேள்வி இயல்பாக வருகிறது என்பதே தேர்வின் முதல் அளவுகோல்.

தமிழ்நாட்டில் பொருளியல் கிராமத்திலிருந்து தொடங்கியது

பொருளியல் என்பது நகரத்து ஆங்கிலப் படிப்பு, கிராமத்துப் பிள்ளைக்கு ஒத்துவராது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நம் மாநிலத்தில் அந்தப் பாடத்தின் வரலாறே இதற்கு மறுப்பு.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915-ல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்துப் பாடநூலை மனப்பாடம் செய்வதால் பயனில்லை என்று கண்ட அவர், மாணவர்களை விடுமுறையில் அவரவர் ஊருக்கே அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு, என்ன விளைகிறது, என்ன உண்கிறார்கள் என்று விசாரித்து எழுதச் சொன்னார். அவற்றிலிருந்து உருவான நூல் 1918-ல் வெளியானது. இருவேல்பட்டு, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம், தூசி ஆகிய ஊர்கள் அப்படித்தான் பொருளியல் வரலாற்றில் இடம்பெற்றன. இருபது ஆண்டுக்குப் பின் அதே பல்கலைக்கழகத்தின் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களை மறு ஆய்வு செய்ய வைத்தார்கள். 1980-களில் இருவேல்பட்டுக்கு மீண்டும் போனவர்கள் எஸ். குகனும் ஜோன் மெஞ்சரும். தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்ப ஆராயப்பட்ட கிராமங்கள் உலகில் அதிகம் இல்லை.

இதில் குகன் தனிக் கவனத்துக்கு உரியவர். ஐ.ஏ.எஸ். அதிகாரியாகத் தமிழ்நாட்டின் நிதித்துறைச் செயலாளராக இருந்தவர், பின்னர் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பொருளியல் ஆய்வாளரானார். அரசின் கஜானாவை அறிந்தவர் என்பதால், ஏழைகளுக்கான சமூகப் பாதுகாப்பைப் பற்றி அவர் எழுதியவற்றில் இரக்கத்தோடு கணக்கும் இருந்தது.

இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஜே.சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் செய்தவர். வயது முப்பத்தைந்து கடந்தபின் அமெரிக்கா போனார். சிரக்யூஸில் வணிக நிர்வாகமும், கொலம்பியாவில் செலிக்மனிடம் பொது நிதியும் படித்தார். பிரிட்டிஷ் அரசின் வரியும் செலவும் இந்தியாவை எப்படி ஏழையாக்கின என்று அங்கே அவர் எழுதிய ஆய்வைக் காந்தி 'யங் இந்தியா'வில் தொடராக வெளியிட்டார். பிறகு குஜராத்தின் மாத்தர் வட்டத்தில் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக ஆய்வு நடத்தினார். 1934-ல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தைக் கட்டி எழுப்பினார். கடைசி ஆண்டுகளில் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனத்தில் வாழ்ந்து, 1960 ஜனவரி 30 அன்று மதுரையில் மறைந்தார். வரவு செலவைச் சரிபார்க்கத் தெரிந்த ஒருவர், ஒரு நாட்டின் வரவு செலவையே சரிபார்க்க முனைந்ததுதான் அவர் வாழ்வு. கணக்கியலும் பொருளியலும் எதிரெதிர்த் திசைகள் என்று நினைப்பவர்கள் அவரைப் படிக்க வேண்டும்.

நத்தத்துப் பிள்ளைக்கு இந்த மரபு தூரத்தில் இல்லை. சின்னாளபட்டி அருகே 1956-ல் கிராமிய நிறுவனமாகத் தொடங்கி, 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராமத்தில் பொருளியல் துறையும் கூட்டுறவுத் துறையும் உள்ளன. மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பயில்வது அங்கே பாடத்திட்டத்தின் ஒரு பகுதி.

கோடு எங்கே போடுவது?

இரண்டு பாடங்களுக்கும் இடையே உலகம் போட்ட கோடும் உறுதியானதாக இல்லை. முதலீட்டைப் பிரித்துப் போட்டால் ஆபத்து எப்படிக் குறைகிறது என்பதைக் கணிதமாக்கிய ஹாரி மார்க்கோவிட்ஸ், சிக்காகோ பல்கலைக்கழகப் பொருளியல் துறையில் தம் ஆய்வேட்டை முன்வைத்தபோது, "இது பொருளியலே அல்ல" என்று வாதிட்டார் மில்டன் ஃப்ரீட்மன். 1952-ல் கட்டுரையாக வந்த அந்தச் சிந்தனைக்குத்தான் 1990-ல் பொருளியலுக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அமெரிக்காவின் புகழ்பெற்ற வார்ட்டன் வணிகப் பள்ளியில் நிதியியலைச் சிறப்புப் பாடமாக எடுப்பவருக்கும் கிடைக்கும் இளநிலைப் பட்டத்தின் பெயர் பொருளியல் பட்டம்தான். ஹார்வர்டில் இளநிலையில் நிதியியல் தனிப் பாடமாகவே இல்லை. அங்கே பொருளியல் படித்தவர்கள் முதலீட்டு வங்கிகளுக்குப் போகிறார்கள். டெல்லியில் 1926-ல் தொடங்கிய ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரியில் இளநிலையில் பி.காம். ஆனர்ஸ், பொருளியல் ஆனர்ஸ் என்ற இரண்டு படிப்புகளும் ஒரே வளாகத்தில் சம மதிப்போடு நடக்கின்றன.

நம்மவர் வாழ்க்கைகளும் இதையே காட்டுகின்றன. ரிசர்வ் வங்கி ஆளுநராக 1992 முதல் 1997 வரை இருந்த சி. ரங்கராஜன் சென்னை விவேகானந்தா கல்லூரியில் வணிகவியல் படித்தவர். பிறகு பென்சில்வேனியாவில் பொருளியலில் முனைவர் ஆனார். ரகுராம் ராஜன் பொறியியல் படித்து, வங்கிகளைப் பற்றி ஆய்வு செய்து, நிதியியல் பேராசிரியராகி, பன்னாட்டு நிதியத்தின் தலைமைப் பொருளியலாளர் ஆனார். மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் திருச்சி சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியிலும் பிறகு ஜே.என்.யூ.விலும் படித்தது பொருளியல். 2019 முதல் அவர் வகிப்பது நிதி அமைச்சர் பொறுப்பு. 2022-ல் தலைமைப் பொருளாதார ஆலோசகரான வெ. அனந்த நாகேஸ்வரன் முனைவர் பட்டம் பெற்றது நிதியியலில். உச்சியில் இந்தப் பாடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அடியில், இருபத்தொரு வயதில், அவை வெவ்வேறு கதவுகளைத் திறக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு முதலில் தெரிய வேண்டியது இந்தக் கதவுகள்.

எந்தக் கதவு யாருக்கு?

முதலில் இரு பாடத்தாருக்கும் பொதுவானவை. வங்கி அதிகாரி, எழுத்தர் தேர்வுகள், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, ஐ.ஏ.எஸ். தேர்வு ஆகியவற்றுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். இந்தியப் பொருளாதாரம் இத்தேர்வுகளின் பாடத்திட்டத்தில் முக்கியப் பகுதி என்பதால் பொருளியல் மாணவருக்குச் சற்று முன்னிலை உண்டு. ஐ.ஏ.எஸ். விருப்பப் பாடங்களில் பொருளியலும் உண்டு, வணிகவியலும் கணக்கியலும் உண்டு. மேல்நிலைப் பள்ளிகளில் இரண்டு பாடத்துக்கும் முதுநிலை ஆசிரியர் பணியிடங்கள் இருக்கின்றன. "பொருளியல் படித்தால் வங்கி வேலைக்குப் போக முடியாது" என்று ஊரில் சொல்லப்படுவது முழுத் தவறு.

சி.ஏ. என்னும் பட்டயக் கணக்காளர் படிப்பும் இருவருக்கும் திறந்ததே. பட்டம் பெற்றபின் அடிப்படைத் தேர்வை விட்டு நேராக இடைநிலையில் சேரலாம். அதற்கு வணிகவியல் பட்டதாரிக்கு 55 விழுக்காடு, மற்றப் பட்டதாரிகளுக்கு 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். 2023-ல் வந்த புதிய திட்டத்தில் அலுவலகப் பயிற்சிக் காலம் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. பொருளியல் மாணவர் சி.ஏ.வுக்குப் போகலாம். ஆனால் மூன்றாண்டுக் கணக்கியல் அடித்தளத்தைத் தனியே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வணிகவியலுக்கு மட்டும் உரிய கதவுகள் உண்டு. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் நத்தத்துச் சட்டைத் தையல் பட்டறை முதல் திண்டுக்கல் பூட்டுக் கடை வரை முறையாக விவர அறிக்கை தாக்கல் செய்ய ஆள் தேவைப்படுகிறது. ஜி.எஸ்.டி. பயிற்சியாளராகப் பதிவுசெய்ய விதி 83 வணிகவியல், சட்டம், வங்கியியல், வணிக நிர்வாகம் ஆகிய பட்டங்களைக் குறிப்பிடுகிறது. பொருளியலின் பெயர் அதில் இல்லை. கணக்கெழுதும் வேலை, தணிக்கை அலுவலக உதவியாளர் பணி, டேலி தெரிந்தவருக்கான இடம் என்று சொந்த ஊரிலேயே பிழைக்க வழி தருவது பி.காம்.

பொருளியலுக்கு மட்டும் உரியவையும் உண்டு. 1961-ல் அமைந்த இந்தியப் பொருளாதாரப் பணிக்குப் பொருளியலிலோ அதன் கிளைகளிலோ முதுநிலைப் பட்டம் கட்டாயம். பி.காம்., எம்.காம். மட்டும் படித்தவர் அந்தத் தேர்வை எழுத முடியாது. ஆய்வு நிறுவனங்கள், திட்டக் குழுக்கள், நலத் திட்டங்கள் உண்மையில் பலன் தருகின்றனவா என்று அளக்கும் அமைப்புகள் தேடுவதும் பொருளியல் முதுநிலையாளரைத்தான். 2019-ல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் தொடங்கிய ஆய்வு வலையமைப்பின் தெற்காசியக் கிளை சென்னையிலுள்ள ஐ.எஃப்.எம்.ஆர். நிறுவனத்தைச் சார்ந்து இயங்குகிறது. 2021-ல் தமிழக அரசு அமைத்த பொருளாதார ஆலோசனைக் குழுவில் டூஃப்லோவும் ரகுராம் ராஜனும் இடம்பெற்றார்கள். மாநிலத்துக்கென ஒரு பொருளாதார ஆய்வறிக்கையை மாநிலத் திட்டக்குழு 2025 மார்ச்சில் வெளியிட்டது. இந்தப் பணிகளுக்கெல்லாம் தரவைத் திரட்டவும் படிக்கவும் தெரிந்த, தமிழ்நாட்டுக் கிராமத்தை உள்ளிருந்து அறிந்த பிள்ளைகள் தேவை.

ஒரு நடைமுறை எச்சரிக்கை. பி.காம். சி.ஏ. என்று கல்லூரிப் பட்டியலில் இருப்பது கணினிப் பயன்பாட்டோடு சேர்ந்த பி.காம். அதைப் படித்து முடித்தால் பட்டயக் கணக்காளர் ஆகிவிட முடியாது. இதை அறியாமல் சேர்ந்த குடும்பங்கள் இருக்கின்றன. சேர்க்கைக்கு முன் கல்லூரியிலேயே கேட்டுத் தெளிவது நல்லது.

தடுக்கும் சுவர் கணிதம்

பொருளியலைக் கலைப் பாடம் என்கிறோம். பி.ஏ. என்ற பெயரும் அந்த எண்ணத்தை வளர்க்கிறது. கணக்குக்குப் பயந்த பிள்ளையைப் பொருளியலில் சேர்ப்பது நம் வழக்கமாகிவிட்டது. ஆனால் இன்றைய முதுநிலைப் பொருளியல் முழுக்க நுண்கணிதத்திலும் நேரியல் இயற்கணிதத்திலும் புள்ளியியலிலும் நடக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகப் பொருளியல் ஆனர்ஸில் சேரப் பள்ளிக் கணிதம் கட்டாயம். 1949-ல் தொடங்கிய டெல்லிப் பொருளியல் பள்ளி, 1987-ல் ரிசர்வ் வங்கி மும்பையில் நிறுவிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், ராஜா செல்லையா முன்னின்று 1993-ல் தொடங்கிய சென்னைப் பொருளியல் பள்ளி எல்லாவற்றிலும் முதுநிலைக்குக் கணிதமே வாசல்.

நம் காமர்ஸ் குரூப்பில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் எடுக்கும் பிள்ளைகள் ஒரு பகுதியினரே. வரலாறோ கணினிப் பயன்பாடோ எடுத்தவர்கள் கல்லூரிக்குள் வரும்போது பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டிருப்பார்கள். மூன்றாண்டு பி.ஏ. பொருளியலில் கோட்பாடுகளை உரைநடையாகப் படித்து, நல்ல மதிப்பெண்ணும் பெற்று, முதுநிலை நுழைவுத் தேர்வில் முதல் முறையாக வகைக்கெழுவைச் சந்திக்கிறார்கள். அங்கே அவர்கள் தோற்பது அறிவுக் குறைவால் அல்ல. முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை என்பதால். இதைவிட வருத்தம் தரும் இழப்பு நம் உயர்கல்வியில் எனக்குத் தெரிந்து குறைவு.

பி.காமில் வேண்டிய கணிதம் வேறு வகை. கூட்டல் கழித்தல் விழுக்காட்டோடு ஒழுங்கும் பொறுமையும் சட்டத்தைக் கவனமாகப் படிக்கும் பழக்கமும் போதும். நிதியியலின் மேல்நிலையில் நிகழ்தகவும் புள்ளியியலும் வந்துவிடும். ஆனால் ஒரு கணக்காளர் அவற்றைத் தொடாமலே மதிப்பான வாழ்வு வாழ முடியும்.

குடும்பம் எத்தனை ஆண்டு தாங்கும்?

வேலைவாய்ப்பை ஒப்பிடுபவர்கள் மூன்றாண்டு பி.காமையும் மூன்றாண்டு பி.ஏ. பொருளியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். அந்த ஒப்பீடே பிழை. பி.காம். மூன்றாண்டில் ஒரு தொழிலுக்கான கருவியைக் கையில் தந்துவிடும். பொருளியல் ஐந்தாண்டுப் படிப்பு. முதுநிலை இல்லாத பொருளியல் பட்டம் பாதி கட்டிய வீடு. பொதுத் தேர்வுகளுக்கு அது உதவும், அந்தத் துறைக்குரிய கதவுகளை மட்டும் திறக்காது.

ஆகவே வீட்டில் பேச வேண்டிய முதல் விஷயம் காலம். பிள்ளையின் வருமானத்தை இருபத்தொரு வயதில் எதிர்பார்க்கும் குடும்பமா, இருபத்து மூன்று வரை தாங்கும் குடும்பமா? குத்தகைத் தோப்பிலும் தையல் பட்டறையிலும் உழைக்கும் பெற்றோருக்கு இந்த இரண்டாண்டு சிறிய விஷயமில்லை. ஆனால் இன்று சில கைப்பிடிகள் உள்ளன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டமும் (2022), மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) பட்டப்படிப்புக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அரசுக் கல்லூரிக் கட்டணம் குறைவு. திண்டுக்கல்லும் மதுரையும் நத்தத்திலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில், பேருந்தில் போய்வரும் எல்லையில் இருக்கின்றன. மதுரை நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் 2023 ஏப்ரலில் திறந்தபின் அந்தப் பயணம் இன்னும் எளிதானது. 1881-ல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1948-ல் தொடங்கிய லேடி டோக், 1949-ல் தொடங்கிய தியாகராசர் கல்லூரி எல்லாம் அந்தச் சாலை சென்று சேரும் மதுரையில் இருக்கின்றன.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இந்தக் காலக் கணக்கு இன்னும் கடினமாகிறது. "ஒரு டிகிரி முடிக்கட்டும், அப்புறம் மாப்பிள்ளை பார்க்கலாம்" என்ற பேச்சில் பொருளியலின் கடைசி இரண்டாண்டும் சி.ஏ.வின் பயிற்சிக் காலமும் அடிபட்டுப் போகின்றன. புளி உடைத்தும் சட்டை தைத்தும் சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கியும் மகளைக் கல்லூரிக்கு அனுப்பிய தாய்மாரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். பிடித்த பாடத்தின் கடைசிப் படியில் நிறுத்திவிடாதீர்கள். இடையில் நிறுத்தினால் முதல் மூன்றாண்டின் பலனும் பாதியாகிறது.

கல்லூரிகள் செய்யக்கூடியவை

தேர்வின் சுமை முழுவதையும் பதினேழு வயதுப் பிள்ளை மீது போடுவது நியாயமில்லை. கல்லூரிகள் மூன்று காரியம் செய்யலாம். பி.ஏ. பொருளியலில் சேரும் கணிதம் இல்லாத மாணவர்களுக்கு முதல் ஆண்டிலேயே ஓர் இணைப்புப் பாடம் நடத்த வேண்டும். துணைப்பாடமாகவும் விருப்பப் பாடமாகவும் எடுக்கும் தாள்களில், பொருளியல் மாணவர் நிதிக் கணக்கியலையும், பி.காம். மாணவர் விலைக் கோட்பாட்டையும் புள்ளியியலையும் எடுக்க வழி செய்ய வேண்டும். மூன்றாவதாக, ஸ்லேட்டர் தொடங்கியதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு மாணவரும் தன் ஊரின் ஒரு தொழிலை, அதன் கடன், கூலி, விலை, லாபம் என்று விசாரித்து எழுதட்டும். நத்தத்து மாமண்டியையும் தையல் பட்டறையையும் பற்றி அப்படி ஐம்பது அறிக்கைகள் சேர்ந்தால், அவை நாளை மாவட்டத் திட்டத்துக்கே பயன்படும்.

மாணவர் தாமாகச் செய்யக்கூடியதும் உண்டு. மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் கணிதம், புள்ளியியல், கணக்கியல் பாடங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பிளஸ் டூ விடுமுறையில் பழைய கணிதப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தாலே பாதி அச்சம் போய்விடும்.

முடிவு

இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. எந்தப் பிள்ளைக்கு எது என்பதற்குப் பதில் உண்டு. இருபத்தொரு வயதில் வருமானம் வேண்டும், சட்டமும் ஒழுங்கும் பிடிக்கும், ஊரிலோ பக்கத்து நகரத்திலோ தொழில் செய்ய விருப்பம் என்றால் பி.காம். எடுங்கள். அதோடு சி.ஏ., சி.எம்.ஏ., கம்பெனிச் செயலாளர் ஆகிய தொழிற்படிப்புகளில் ஒன்றை முதல் ஆண்டிலேயே மனத்தில் வையுங்கள். ஏன் இப்படி நடக்கிறது என்ற கேள்வி விடாமல் துரத்துகிறது, கணக்கோடு மல்லுக்கட்டத் தயார், குடும்பம் ஐந்தாண்டு தாங்கும் என்றால் தயங்காமல் பொருளியல் எடுங்கள். கணிதத்தையும் முதுநிலையையும் சேர்ந்த முதல் நாளிலேயே திட்டத்தில் வையுங்கள். இடம் கிடைக்காததால் பொருளியலில் விழுந்தவர்களும் மனம் தளர வேண்டாம். கணிதத்தைக் கையில் எடுத்தால் அந்தப் பாடம் உங்களைக் கைவிடாது. பி.காம். முடித்தபின் பொருளியலுக்குத் திரும்பவும் வழி உண்டு.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தில் பாடப் பெயரை எழுதுமுன் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: உனக்கு எந்தக் கேள்வி பிடித்திருக்கிறது, கணக்கோடு உன் உறவு எப்படி, நாம் எத்தனை ஆண்டு காத்திருக்கலாம்? பக்கத்து வீட்டுப் பிள்ளை எதில் சேர்ந்தது என்பதை நான்காவது கேள்வியாகக்கூட வைக்காதீர்கள்.